காயத்துக்குப் புழு மருத்துவம்: கட்டுப் போடும் முன் தொடங்கி அவிழ்க்கும் நாள் வரை

"புழுத்துத்தான் சாவே" என்பது எங்கள் பக்கத்தில் கோபத்தின் உச்சியில் வருகிற சாபம். புண்ணில் புழு வைத்துவிட்டது என்றால் பார்ப்பாரற்றுக் கிடந்தார் என்று அர்த்தம். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் காயப் பராமரிப்புப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்த முதல் மாதமே, கூரியரில் வந்த ஒரு சின்னப் பெட்டியை என் கையில் கொடுத்து, "இதை அந்தப் பாட்டியின் காலில் வைத்துக் கட்டிவிட்டு வா" என்றார்கள். பெட்டிக்குள் உயிருள்ள புழு. கை நடுங்கவில்லை என்று சொன்னால் பொய்.

இன்று அது எனக்கு மற்ற கட்டுகளைப் போல ஒரு கட்டு. ஆனாலும் புதிதாக ஒருவரிடம் சொல்லும்போதெல்லாம் அதே முகச்சுளிப்பு, அதே பத்துக் கேள்விகள். வீட்டில் யாருக்காவது இந்த வைத்தியம் சொல்லப்பட்டிருந்தால், அவர்களுக்கும் உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தானாகச் செய்து பார்க்கிற வைத்தியம் இல்லை இது. தானாக வந்த புழு நோய். ஆய்வகத்தில் கிருமி நீக்கி வளர்த்து, அளவு பார்த்து, நாள் குறித்து வைக்கிற புழு மருந்து. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் முழுக்கப் புழுவைச் சுற்றி நாம் செய்கிற வேலையில் இருக்கிறது.

எந்தப் புழு?

மருத்துவத்தில் பெரும்பாலும் பயன்படுவது லுசிலியா செரிகேட்டா என்ற பச்சை ஈயின் புழு. உலோகப் பச்சையில் பளபளக்கும் ஈ. மலேசியாவில் அதன் நெருங்கிய உறவான லுசிலியா குப்ரினாவை வளர்த்துச் சர்க்கரைப் புண்களுக்கு வைக்கிறார்கள்.

பளபளக்கிற ஈ எல்லாம் அதே ஈ இல்லை. நம் ஊர் மீன் சந்தையில் மொய்க்கும் பச்சையும் நீலமுமான ஈக்களில் பல வேறு இனம். அவற்றின் உறவுக்காரனான கிரைசோமியா பெஸ்ஸியானா என்ற ஈயின் புழு, அழுகலைத் தேடிப் போவதே இல்லை. உயிருள்ள சதையைத்தான் குடைந்துகொண்டு உள்ளே போகும். இந்தியாவில் ஆடுமாடுகளையும், சில வேளை மனிதர்களையும் பிடிப்பது அதுதான். புழுவைப் பார்த்து எது எது என்று சொல்ல நுண்ணோக்கி வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட முடியாது.

"இந்தப் புழு செத்த சதையை மட்டும்தான் தின்னும், நல்ல சதையைத் தொடவே தொடாது" என்று பலரும் எழுதுகிறார்கள். முக்கால்வாசி சரி. இதே லுசிலியா ஈக்கள்தாம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் செம்மறி ஆடுகளின் தோலைப் புண்ணாக்கிக் கொல்கின்றன. மனிதக் காயத்தில், தேர்ந்தெடுத்து வளர்த்த புழுவை, அழுகல் இருக்கிற வரைக்கும், மூன்று நாலு நாள் மட்டும் வைப்பதால்தான் அது சொல்பேச்சுக் கேட்கிறது. நாள் கணக்கைத் தாண்டவிடக் கூடாது என்று நாங்கள் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுவே.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்தப் புழுவுக்குப் பல் கிடையாது. வாய்ப்பக்கம் இரண்டு சின்னக் கொக்கிகள் உண்டு. அவற்றால் ஊன்றி நகரும். தின்னும் முறைதான் விசேஷம்: முதலில் எச்சிலைக் கக்கும். அந்த எச்சிலில் இருக்கும் புரதம் கரைக்கும் நொதிகள் அழுகல் சதையைக் கஞ்சியாக்கிவிடும். பிறகு அந்தக் கஞ்சியை உறிஞ்சிக்கொள்ளும். கஞ்சியோடு சேர்ந்து கிருமிகளும் உள்ளே போய் அதன் குடலில் சாகும். எச்சிலிலேயே கிருமிகொல்லிப் பொருள்களும் உண்டு. லூசிஃபென்சின் என்பது அவற்றில் ஒன்று. புண்ணின்மேல் கிருமிகள் பிசினாகக் கட்டியிருக்கும் படலத்தையும் இது கலைத்துவிடும். மருந்து ஊடுருவாத அந்தப் படலம்தான் பழைய புண்கள் ஆறாமல் கிடப்பதற்குப் பெரிய காரணம்.

கத்தியால் வெட்டினால் அழுகலும் நல்ல சதையும் சேருகிற எல்லையில் கொஞ்சம் நல்லதும் போய்விடும். புழு அந்த எல்லையை மயிரிழை சுத்தமாகப் பிரித்துக் கொடுக்கும். மயக்க மருந்து தாங்காத முதியவர்களுக்கு இது பெரிய வரம்.

கிருமி நீக்குவது ஏன் இவ்வளவு முக்கியம்: நாலு குழந்தைகளின் கதை

1917. முதல் உலகப்போர், பிரான்ஸ். வில்லியம் பேர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவரிடம் இரண்டு சிப்பாய்களைக் கொண்டுவருகிறார்கள். தொடை எலும்பு முறிந்து வெளியே தெரிகிறது, வயிற்றிலும் பெரிய காயம். ஏழு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் போர்க்களத்தில் கிடந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களிலேயே பெரும்பாலோர் செத்துப்போனார்கள். இவர்களுக்கோ காய்ச்சல்கூட இல்லை. துணியை விலக்கினால் ஆயிரக்கணக்கில் புழு. அருவருத்துக் கழுவிவிட்டுப் பார்த்தால், அடியில் இளஞ்சிவப்பாக, அவர் அதுவரை பார்த்திராத அழகில், புதுச்சதை.

அதை அவர் மறக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, எலும்பில் சீழ் பிடித்து ஆறாமல் கிடந்த நாலு குழந்தைகளுக்குத் துணிந்து புழு வைத்தார். புண் ஆறியது. அதே முறையில் மேலும் பலருக்கு வைத்தபோது சிலருக்கு டெட்டனஸ் வந்துவிட்டது. புழுவோடு கிருமியும் போயிருக்கிறது. அதன் பிறகுதான் ஈ முட்டைகளின் மேல்புறத்தைக் கிருமிநீக்கி, சுத்தமான அறையில் பொரிக்கவைத்து, கிருமி இல்லை என்று சோதித்தபின் கொடுக்கிற முறை வந்தது. இன்று எங்கள் கைக்கு வருகிற பெட்டியும் அந்த வழியில்தான் வருகிறது. தோட்டத்து ஈயைப் பிடித்து முட்டையிட வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு, அந்த டெட்டனஸ்தான் பதில்.

1930களில் அமெரிக்காவில் 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் இது நடந்தது. மருந்துக் கம்பெனியே புழு வளர்த்து விற்றது. பெனிசிலின் வந்ததும் காணாமல் போனது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பிறகு, கலிபோர்னியாவில் ரொனால்ட் ஷெர்மன் என்ற மருத்துவர் 1990 வாக்கில் மறுபடி கையில் எடுத்தார். 2004 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது, 'மருத்துவக் கருவி' என்ற தலைப்பின் கீழ். அந்த வகையில் புழுவும் கத்திரிக்கோலும் ஒரே அலமாரி. அதே ஆண்டு முதல் பிரிட்டனில் டாக்டர் சீட்டில் எழுதி வாங்கலாம் என்றானது.

முதல் படி: இந்தப் புண்ணுக்குப் புழு சரிவருமா?

பாதி நாள் எங்கள் வேலை "வேண்டாம்" என்று சொல்வதுதான்.

சரிவரும் புண்: மேலே மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ ஈரமான அழுகல் படலம் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் ஆறாமல் கிடப்பது. சர்க்கரைக்காரரின் பாதப் புண், படுக்கைப் புண், வெரிகோஸ் நரம்பால் வந்த கணுக்கால் புண், அறுவை சிகிச்சைக்குப் பின் பிரிந்துபோன காயம் ஆகியவற்றில் பல இந்த வகையில் சேரும்.

காய்ந்து கறுத்த பொருக்கு இருந்தால் நேரடியாக வைக்க முடியாது. அதைப் புழுவால் கரைக்க முடியாது; காய்ந்த இடத்தில் அதுவும் காய்ந்து செத்துப்போகும். முதலில் பொருக்கை ஊறவைத்து இளக்கவோ கீறிவிடவோ வேண்டும்.

அதற்கும் முன்னால் காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்போம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து வகுத்துப் பார்க்கும் ஏபிபிஐ என்ற கணக்கு உண்டு, 0.8க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சந்தேகப்படுவோம். நெடுநாள் சர்க்கரைக்காரருக்குக் குழாய் சுண்ணாம்பேறி விறைத்துப்போவதால் இந்த எண் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்ப்பதோ ஸ்கேன் எடுப்பதோ நல்லது. ரத்தமே போகாத காலில் எத்தனை புழு வைத்தாலும் புதுச்சதை வளரப்போவதில்லை. அங்கே தேவை ரத்தக்குழாய் நிபுணர்.

வேண்டவே வேண்டாம் என்கிற இடங்களும் உண்டு. பெரிய ரத்தக்குழாய் அருகில் தெரிகிற புண். வயிறு, நெஞ்சு போன்ற உள்ளறைக்குத் திறந்திருக்கிற புண். ஆழம் தெரியாத குழிப் புண். புற்றுநோய்ப் புண். காய்ச்சலும் நடுக்கமுமாக மணிக்கு மணி சிவப்புப் பரவுகிற காலுக்குப் புழுவைக் கூரியரில் வரவழைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே அறுவை அறைக்குப் போக வேண்டும். ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்வார். முட்டை, சோயா, ஈஸ்ட் ஒவ்வாமை இருந்தாலும் சொல்லிவிடுங்கள். புழு வளர்க்கும் தீனியில் அவை இருக்கலாம்.

புண்ணில் பச்சைச் சீழும் ஒருவித இனிப்பு நாற்றமும் இருந்தால் சூடோமோனாஸ் கிருமியாக இருக்கலாம். அது கூட்டமாக இருந்தால் புழுவையே கொன்றுவிடும். அதற்கு முதலில் வைத்தியம் பார்த்துவிட்டு வருவோம்.

இரண்டாம் படி: பேச்சு

இதை ஒரு படியாக எழுதுவதற்குக் காரணம் ஓர் ஐயா. யாழ்ப்பாணத்தவர், எழுபதைக் கடந்தவர், இருபது வருஷச் சர்க்கரை. குதிகாலில் நாலு மாதமாக ஆறாத புண். மகள் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் நானே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, ஊரில மாட்டுக்குப் புழுப் பிடிச்சா வேப்பெண்ணெய் விட்டு எடுத்து எறிவம். நீங்கள் இஞ்ச காசு குடுத்து வாங்கி விடுறியளோ?"

"ஆமா ஐயா, வாங்கித்தான் விடுறோம். ஆனா இது வேற புழு. நாலாம் நாள் முழுசா எடுத்துடுவோம்."

"அதுக்குள்ள குட்டி போட்டால்?"

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. புழு என்பது ஈயின் குழந்தைப் பருவம். அது முட்டையும் போடாது, குட்டியும் போடாது. ஈயாக வேண்டுமென்றால் முதலில் புண்ணை விட்டு வெளியேறி, காய்ந்த இடம் தேடி, கூட்டுப்புழுவாகி, நாள் கணக்கில் கிடக்க வேண்டும். நாலு நாளில் எடுத்துவிடுகிற புழுவுக்கு அந்த வாய்ப்பே இல்லை. உடம்புக்குள் ஏறி மூளைக்குப் போகுமா என்றும் கேட்பார்கள். போகாது, மூச்சு விட அதற்குக் காற்று வேண்டும், மூச்சுத் துளை வால் பக்கம் இருக்கிறது, வாலை வெளியே நீட்டிக்கொண்டுதான் தின்னும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் "முடியாது" என்று ஒருவர் சொன்னால், அதோடு விட்டுவிட வேண்டும். அருவருப்போடு நாலு ராத்திரி தூங்காமல் கிடப்பது வைத்தியமாகாது. ஐயா ஒருநாள் அவகாசம் கேட்டார். மறுநாள் மகள் போன் செய்து, "அப்பா ஓமெண்டிட்டார்" என்றாள்.

மூன்றாம் படி: வரவழைப்பது

புழு இரண்டு விதமாக வரும். ஒன்று, சிறு குப்பியில் தளர்வாக. மற்றது, மெல்லிய வலைத்துணிப் பைக்குள் அடைத்து, டீ பை மாதிரி. தளர்வாக வைப்பதென்றால் புண்ணின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 8 வரை என்பது வழக்கமான கணக்கு, 10ஐத் தாண்டுவதில்லை. ஐந்துக்கு நாலு சென்டிமீட்டர் புண் என்றால் 100 முதல் 160 புழு. பையென்றால் புண்ணின் அளவுக்கேற்ற பையைக் கேட்டால் போதும்.

தளர்ந்த புழு மூலைமுடுக்கெல்லாம் போகும், வேகமாகச் சுத்தம் செய்யும். பையில் அடைபட்டது கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் வைப்பதும் எடுப்பதும் சுலபம், கூச்சமும் வலியும் குறைவு, ஓடிப்போகாது. விரலிடுக்கிலும் குழிவான புண்ணிலும் தளர்ந்ததுதான் நல்லது என்று நினைக்கிறேன். மற்றபடி பைதான் என் தேர்வு. நோயாளி தூங்க வேண்டுமே.

பெட்டி வந்ததும் முதலில் தேதி பாருங்கள், பிறகு அசைகிறதா பாருங்கள். வந்த புதிதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ரவையைத் தூவிவிட்டது போலத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ரவை மெதுவாக நகரும். நகரவில்லை என்றால் வைக்காதீர்கள், திருப்பிச் சொல்லி வேறு கேளுங்கள். வந்த நாளே வைத்துவிடுவது உத்தமம். பட்டினி கிடந்தால் செத்துவிடும்.

நான்காம் படி: புண்ணைத் தயார் செய்வது

இரண்டு நாள் முன்பிருந்தே அயோடின், வெள்ளிப் பூச்சு, ஜெல் எதையும் தடவ வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். சில ஜெல்களில் கலந்திருக்கும் புரொப்பிலின் கிளைக்கால் மிச்சம் இருந்தால் புழுவுக்கு ஆகாது. அன்று வெறும் சலைனால் (மருத்துவ உப்புநீரால்) நன்றாக அலசிவிட வேண்டும். புகைப்படம் எடுத்து, நீள அகலம் அளந்து எழுதிவைக்க வேண்டும். நாலு நாள் கழித்து "என்ன குறைந்திருக்கிறது?" என்று மகன்மார் கேட்பார்கள், அப்போது காட்ட அது வேண்டும்.

அடுத்தது வேலி. புழுவின் எச்சில் சுற்றியுள்ள நல்ல தோலில் பட்டால் வெந்துபோனது போலச் சிவக்கும், அரிக்கும். அதனால் புண்ணைச் சுற்றிலும் ஓரத்தை ஒட்டி ஜிங்க் பேஸ்ட் தடித்துப் பூசுவோம்; அல்லது ஹைட்ரோகொல்லாய்ட் என்ற ரப்பர் மாதிரியான ஒட்டுப்பட்டையைச் சட்டம்போல வெட்டி ஒட்டுவோம். புது நர்ஸ்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். நானும் ஒருமுறை விட்டேன். புண் சுத்தமாகிவிட்டது, சுற்றுத்தோல் ஒரு வாரம் எரிந்தது. அந்த அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது.

ஐந்தாம் படி: வைத்துக் கட்டுவது

பை என்றால் நேராகப் புண்ணின்மேல் வைப்பது, அவ்வளவுதான். ஓரம் கொஞ்சம் நல்ல தோலில் படிந்தாலும் பரவாயில்லை, வேலி இருக்கிறது. பையை வெட்டவோ ஊசி குத்தவோ கூடாது.

தளர்ந்தது என்றால், குப்பியில் சலைன் விட்டு அலசி, வலைத்துணியில் ஊற்றி வடித்து, அந்தத் துணியை அப்படியே புண்ணின்மேல் கவிழ்த்து, நாலு ஓரமும் ஒட்டுப்பட்டையின்மேல் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். இங்கே ஒரு ஓட்டை விட்டால் ராத்திரி போன் வரும்.

அதன்மேல் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணி. அதன்மேல் உறிஞ்சும் பஞ்சு. அதன்மேல் தளர்வாகச் சுற்றுத்துணி. காற்று உள்ளே போக வேண்டும்; ஈரம் இருக்க வேண்டும், குளமாக நிற்கக் கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஒட்டை மேலே ஒட்டினால் மூச்சடைத்துச் சாகும், காஸ் காய்ந்தால் வறண்டு சாகும், புண்ணிலிருந்து கசிகிற ஊறல் தேங்கினால் மூழ்கிச் சாகும். புழு வைத்தியம் பலிக்கவில்லை என்று வருகிற பாதிப் புகார்களில், புழு முதல் நாளே செத்துப்போயிருக்கும்.

ஐயாவுக்குக் குதிகால் என்பதால் இன்னொரு ஏற்பாடும் செய்தோம். மிதித்தால் நசுங்கிவிடும். கால் படுக்கையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை, கழிப்பறைக்குப் போகச் சக்கர நாற்காலி. முதுகடிப் படுக்கைப் புண் என்றால் அந்தப் பக்கம் படுக்கவே கூடாது, ஒருக்களித்துத்தான். செருப்பு, இறுக்கமான காலுறை எதுவும் வேண்டாம். குளிக்கும்போது கட்டு நனையக் கூடாது.

ஆறாம் படி: நடுவில் இருக்கும் நாட்கள்

தளர்ந்த புழுவுக்கு இரண்டு முதல் மூன்று நாள். பைக்கு நாலு நாள் வரை. வெளிப்பஞ்சு தினமும் மாற வேண்டும், ஊறல் அதிகமென்றால் இரண்டு தடவை. உள்ளே காஸ் காய்ந்திருந்தால் சலைன் தெளிக்க வேண்டும். பையை லேசாகத் தூக்கி அசைகிறதா என்று பார்க்கலாம்.

உடனிருப்பவர்கள் பயப்படாமல் இருக்க, எது சகஜம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊறல் பழுப்பும் சிவப்புமாக, முன்பைவிட அதிகமாக வரும். அழுகல் கரைந்து வருவதுதான் அது. புழு அமோனியா விடுவதால் பழைய மாட்டுத்தொழுவம் போல ஒரு நெடி அடிக்கும். சிலருக்கு லேசாக உடம்பு சுடும். ஊர்வது போன்ற குறுகுறுப்பைச் சிலர் சொல்வார்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அதுகூடத் தெரியாது. ஐயா மூன்றாம் நாள் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, "என்ன பிள்ளை, வேலை செய்யினமோ, நித்திரையோ? ஒரு சத்தமும் காணேல்லை" என்று கேட்டார்.

வலி வேறு விஷயம். வெரிகோஸ் புண்ணோ ரத்தவோட்டக் குறைவோ உள்ளவர்களுக்கு இரண்டாம் நாளிலிருந்து, புழு பருக்கப் பருக்க, வலி கூடும். அதற்கு முன்பே வலி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்கும் அடங்கவில்லை என்றால் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்; ஒரு நாள் முன்னதாகவே எடுத்துவிடலாம், நடந்த வேலை நடந்ததுதான்.

ஒன்றிரண்டு புழு வெளியே வந்துவிட்டால், ஈரத் தாளில் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு நர்ஸிடம் கொடுங்கள். உடனே அழைக்க வேண்டியவை: கட்டில் சிவப்பு ரத்தம் ஊறிக்கொண்டே இருப்பது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவுவது, தாங்காத வலி, பை கிழிந்திருப்பது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டியதில்லை, புழுவுக்கு அது இடைஞ்சல் இல்லை.

ஏழாம் படி: எடுப்பது

நாலாம் நாள் ஐயாவின் கட்டைப் பிரித்தேன். ரவையாகப் போனது சோற்றுப் பருக்கையாக நின்றது: ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், கொழுத்து, பைக்குள் இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தது. பையை ஒரு முனையில் பிடித்து மெதுவாகத் தூக்கினால் மொத்தமும் வந்துவிடும். தளர்ந்ததாக இருந்தால் வலைத்துணியை ஒரு பக்கமிருந்து சுருட்டி எடுத்து, மிச்சத்தைச் சலைன் பீய்ச்சி ஈரக் காஸால் துடைத்தெடுக்க வேண்டும். ஒளிந்துகொண்ட ஒன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் குடையாதீர்கள். ஈரக் காஸ் வைத்துக் கட்டிவிட்டால் தின்றுமுடித்தபின் தானே மேலே வந்துவிடும், மறுநாள் எடுக்கலாம்.

எடுத்ததை இரண்டு பைகளில் முடிந்து, எரிப்பதற்கான மருத்துவக் கழிவோடு சேர்க்க வேண்டும். இங்கேயும் இந்தியாவிலும் அது மஞ்சள் பை. ஒருவருக்கு வைத்ததை இன்னொருவருக்கு வைப்பது எக்காரணத்தைக் கொண்டும் கிடையாது.

கழுவிப் பார்த்தால் மாட்டிறைச்சி நிறத்தில் சிவந்து, குருணை குருணையாகச் சதை தெரிய வேண்டும். இன்னும் மஞ்சள் மிச்சமிருந்தால் இன்னொரு சுற்று. ஐயாவுக்கு இரண்டு சுற்று ஆனது. புண் முழுக்கச் சிவந்த பிறகும் "இன்னொன்று வைத்தால் சீக்கிரம் ஆறுமே" என்று கேட்பார்கள். வேண்டாம். தின்ன ஒன்றுமில்லாத இடத்தில் புழுவுக்கு வேலை இல்லை.

இது எந்த அளவுக்குப் பலன் தரும்?

மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். பிரிட்டனில் கால் புண் உள்ள 267 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் புண் சுத்தமாக எடுத்த நாட்கள்: தளர்ந்த புழுவுக்கு 14, பைப்புழுவுக்கு 28, புழுவுக்குப் பதில் ஜெல் வைத்தவர்களுக்கு 72. பெரிய வித்தியாசம். ஆனால் புண் முழுதாக ஆறி மூடுவதற்கு எடுத்த காலத்தில் வித்தியாசம் இல்லை. வலியும் புழு வைத்தவர்களுக்கே அதிகம்.

மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமி பிடித்த சர்க்கரைப் புண்களில், மான்செஸ்டரில் 2007இல் வெளியான சிறு ஆய்வில் 13 பேரில் 12 பேருக்குக் கிருமி நீங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை என்பதால் நான் அதை நம்பிக்கையான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன், தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆக, புழு செய்வது துப்புரவு வேலை. ஆற்றுவது வேறு: சர்க்கரைக் கட்டுப்பாடு, பாதத்தில் அழுத்தம் விழாத செருப்பு, வெரிகோஸ் காலுக்கு இறுக்குக்கட்டு, புரதமுள்ள சாப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது. துப்புரவு முடிந்த வீட்டில் குடியிருக்க யாரும் வரவில்லை என்றால் மறுபடி குப்பைதான் சேரும். இரண்டு மாதம் கழித்து அதே மஞ்சள் படலத்தோடு திரும்பி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தானாகப் புழு வந்துவிட்டால்

தமிழ்நாட்டில் இது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பொருளல்ல. நம்மூரில் புழுவென்றால் பெரும்பாலும் தானாக வந்ததுதான். இதைப் படித்துவிட்டு யாராவது "வந்தது வந்தது, சுத்தம் பண்ணட்டும்" என்று விட்டுவிடப் போகிறார்களோ என்ற பயத்தில் இதையும் எழுதுகிறேன்.

விடாதீர்கள். எந்த இனம் என்று தெரியாது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியாது, எந்தக் குப்பையிலிருந்து வந்த ஈ என்று தெரியாது. மண்ணெண்ணெய், பினாயில், பூச்சிமருந்து ஊற்றுவது அதைவிட மோசம். சதை வெந்துபோகும், பூச்சிமருந்து ரத்தத்தில் ஏறும். ஊசியால் குத்தி எடுக்காதீர்கள், பாதி அறுந்து உள்ளேயே தங்கிவிடும். சுத்தமான துணியால் மூடி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே டர்பன்டைன் போன்றதைப் பக்குவமாக வைத்து, மூச்சடைத்து மேலே வரவைத்து இடுக்கியால் எடுப்பார்கள், டெட்டனஸ் ஊசி போடுவார்கள், சர்க்கரை பார்ப்பார்கள். மூக்கிலோ காதிலோ கண்ணிலோ என்றால் ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பாதம் மரத்துப்போன சர்க்கரைக்காரருக்குப் புழு வைத்தது வாடை வந்தபிறகுதான் தெரிந்தது என்று குடும்பத்தார் கூனிக்குறுகிச் சொல்வார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். வலிக்காத புண்ணை யாரும் பார்ப்பதில்லை. தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

ஐயா இரண்டாம் சுற்று முடிந்த அன்று மஞ்சள் பையை நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எரிச்சுப் போடுவியளோ?"

"ஆமா ஐயா."

"பாவம்," என்றார். பிறகு, பாதத்தில் அழுத்தம் விழாமலிருக்க மாட்டுகிற கனத்த பூட்ஸை எத்தனை மாதம் போட வேண்டும் என்று கேட்டார். மூன்று மாதமாவது என்றேன். புழுவுக்குச் சுளிக்காத முகம் அப்போதுதான் சுளித்தது.